பழைய அமெரிக்க வெள்ளி டாலர்கள்: எது அரிது, எது வெறும் வெள்ளி?

தோட்டத்துத்தம்பி (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். குடும்பத்துல பங்கு பிரிக்க வேண்டிய எட்டு அமெரிக்கக் காசு இருக்கு. டவுன்ல ஒரு கடையில காட்டினப்போ தேதி எதையும் பார்க்கல. எட்டையும் ஒரே தட்டுல போட்டு மொத்த எடைக்கு ஒரு விலை சொன்னாங்க. அது நியாயமான விலையான்னு தெரிஞ்சாத்தான் பங்கு பேச முடியும். 0.01 கிராம் காட்டுற நகைத் தராசுல நிறுத்து, வெர்னியர்ல அளந்து கீழே எழுதியிருக்கேன். எதையும் கழுவல, துடைக்கல.

1. டிரேட் டாலர் 1877, எஸ் எழுத்து (காசு அடிச்ச ஊரோட குறி, எஸ்னா சான் பிரான்சிஸ்கோ). 27.05 கிராம், 38.1 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து சீனச் சாப் (வணிகர் குத்தின முத்திரை).
2. டிரேட் டாலர் 1876, சிசி எழுத்து (கார்சன் சிட்டி). 23.48 கிராம், 38.2 மி.மீ. தலைப்பக்கம் மட்டும் மூணு சாப். காந்தம் ஒட்டல.
3. மோர்கன் டாலர் 1921, எழுத்து இல்லை. 26.61 கிராம்.
4. மோர்கன் 1881, எஸ். மாலையில கோர்க்க மேலே வளையம் வச்சிருக்கு. வளையத்தோட 28.30 கிராம்.
5. மோர்கன் 1893, எஸ். 26.58 கிராம். நல்லாத் தேய்ஞ்ச காசு.
6. பீஸ் டாலர் 1922, எழுத்து இல்லை. 26.70 கிராம். ஓரம் எல்லாம் நீலமும் கறுப்பும்.
7. கென்னடி அரை டாலர் 1964. 12.46 கிராம்.
8. கென்னடி அரை டாலர் 1967. 11.49 கிராம்.

ஐந்தாவது காசுக்கு இணையத்துல போட்டிருக்கிற விலையைப் பார்த்தா தலை சுத்துது. அதை நம்பலாமா? சாப் குத்தினது விலையைக் குறைக்குமா? எதை கிரேடிங்குக்கு (நிறுவனத்துல தரம் பார்த்து, சான்றிதழோட டப்பாவுல அடைச்சுத் தர்றது) அனுப்பணும், எதை வெள்ளி விலைக்கே தள்ளிவிடலாம்? விபூதி போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க. இப்போதைக்குத் தடுத்து வச்சிருக்கேன்.


ஈப்போ_வெள்ளி

எடை எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது தம்பி. முதல்ல இரண்டாம் நம்பரைத் தனியா எடுத்து வைங்க. அது போலி.

டிரேட் டாலரோட எடை 420 கிரெயின், அதாவது 27.22 கிராம். கழுகுப் பக்கத்துலயே 420 கிரெயின், 900 ஃபைன்னு பொறிச்சிருக்கும். புழக்கத்துல தேய்ஞ்சு அரை கிராம் குறைஞ்சாலே நல்ல தேய்மானம். 3.7 கிராம் குறையணும்னா உருவமும் தேதியும் வழுவழுன்னு போயிருக்கும், உங்களால 1876னு படிச்சிருக்கவே முடியாது. அதே அளவுக் காசை செம்பு-நிக்கல் கலவையில அடிச்சா எடை ஏறக்குறைய 23.4 கிராம் வரும். உங்க தராசு சொல்றதும் அதுதான். காந்தம் ஒட்டலையேன்னு நினைக்காதீங்க. செம்பு-நிக்கல், பித்தளை எதுலயும் காந்தம் ஒட்டாது. ஒட்டினா போலின்னு முடிவு கட்டலாம், ஒட்டலேன்னா அதை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது.

மத்த காசுகளுக்குத் தண்ணி எடை போடுங்க. பிளாஸ்டிக் கோப்பையில முக்கால்வாசி தண்ணி ஊத்தி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விடுங்க. சோப்பு இல்லேன்னா காசு மேல காற்றுக் குமிழி ஒட்டிக்கும், கணக்கு தப்பும். கோப்பையைத் தராசு மேல வச்சு பூஜ்யம் ஆக்குங்க. மெல்லிய நைலான் நூல்ல காசைக் கட்டி, முழுசா தண்ணிக்குள்ள தொங்கவிடுங்க. அடியும் தொடக்கூடாது, பக்கமும் தொடக்கூடாது. அப்போ தராசு காட்டுற எண்தான் காசு விலக்கின தண்ணியோட எடை. வெளியே நிறுத்த எடையை அதால வகுத்தா அடர்த்தி வந்திடும். 90 சதவீத வெள்ளிக்கு 10.3 பக்கம் நிக்கணும். புது மோர்கன்னா தண்ணிக்குள்ள 2.58 அல்லது 2.59 காட்டும், டிரேட் டாலர்னா 2.63. வளையம் வச்ச காசுக்கு இந்தக் கணக்கு உதவாது, பற்றவைச்ச உலோகம் கலந்திருக்கு.

அளவு, எடை, அடர்த்தி எல்லாம் சரியா இருந்தாலும் காசு அசல்னு ஆயிடாது. இப்போ வர்ற நல்ல போலிகளை 90 சதவீத வெள்ளியிலயே அடிக்கிறாங்க. அரிய தேதின்னா அவங்களுக்கு வெள்ளிச் செலவு ஒரு பொருட்டே இல்லை. தராசு மட்டமான போலியைப் பிடிக்கும், ஐந்தாம் நம்பர் மாதிரி காசுக்கு லென்ஸ் வேணும். அதுக்குத் தனியா எழுதுறேன்.

1921 மோர்கன் பிலடெல்பியாவுல மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல அடிச்சது. மோர்கன் வகையிலயே அதிகம் கிடைக்கிற தேதி அது. 1922 பீஸ் டாலர் 5 கோடியே 17 லட்சம். இரண்டும் தேய்ஞ்ச நிலையில வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம்தான் போகும். பீஸ் டாலர்ல தேட வேண்டியது எழுத்தில்லாத 1928. அது 3,60,649 மட்டும்.

நூறு வருஷத்துக் காசு, அதனால அரிதுன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு. வயசு இதுல பெருசா கணக்கில்லை. அடிச்ச எண்ணிக்கையை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவீங்க. 1918ல வந்த பிட்மன் சட்டப்படி அமெரிக்கா 27 கோடிக்கு மேல வெள்ளி டாலரை உருக்கிடுச்சு, எந்தத் தேதியில எத்தனை போச்சுன்னு யாரும் எண்ணி வைக்கல. அதனால பட்டியல்ல லட்சக்கணக்குல இருக்கிற தேதி கையில கிடைக்காமப் போகலாம். தலைகீழாவும் நடந்திருக்கு. 1903 ஓ, அதாவது நியூ ஆர்லியன்ஸ்ல அடிச்சது, புதுசா இருக்கிற நிலையில கிடைக்கவே கிடைக்காதுன்னு சேகரிப்பாளர்கள் நம்பி பெரிய விலை கொடுத்தாங்க. 1962 கடைசியில அமெரிக்கக் கருவூலம் பெட்டகத்துல இருந்த மூட்டைகளைத் திறந்துச்சு. அந்தத் தேதி மூட்டை மூட்டையா வெளியே வந்து, விலை விழுந்துச்சு.

பங்கு பேசறதுக்கு சுத்த வெள்ளிக் கணக்கு இது. டிரேட் டாலர்ல 24.49 கிராம், மோர்கனும் பீஸும் 24.06 கிராம், 1964 அரை டாலர்ல 11.25 கிராம். 1967 வேற கதை. 1965ல இருந்து 1970 வரைக்கும் அரை டாலர் 40 சதவீத வெள்ளிதான், 11.5 கிராம் எடையில 4.6 கிராம் மட்டும் வெள்ளி. கணக்குக்காக வெள்ளி கிராம் 5 ரிங்கிட்னு வச்சா மோர்கன் 120 ரிங்கிட், 1964 காசு 56, 1967 காசு 23. அன்னைக்கு விலையை நீங்களே போட்டுக்குங்க. மொத்த எடைக்கு ஒரே விலை சொன்ன கடை 2ஆம் நம்பரையும் 8ஆம் நம்பரையும் நல்ல வெள்ளியோட சேர்த்து நிறுத்திருக்கு. அப்படியும் அவங்களுக்குக் கட்டுப்படியாகுதுன்னா, சொன்ன விலை எவ்வளவு குறைச்சல்னு பார்த்துக்குங்க.


பினாங்கு_சாப்

முதல் காசைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், இந்த எட்டில் நம் மண்ணோடு தொடர்புள்ளது அதுதான்.

மெக்சிகோ டாலரோடு கீழை நாடுகளில் போட்டி போடவே அமெரிக்கா 1873 பிப்ரவரிச் சட்டத்தின்படி டிரேட் டாலரை அடித்தது. சீன வணிகத்துக்காகவே பிறந்த காசு. புழக்கத்துக்கு அடித்தது 1878 வரை மட்டும். அதன் பிறகு 1883 வரை சேகரிப்பாளர்களுக்கான புரூஃப் காசுகள் வந்தன. 1884, 1885 தேதியில் மொத்தமே 10, 5 காசுகள்தான். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் காசுகள். 1876 ஜூலையில் உள்நாட்டில் அது செல்லாது என்று அமெரிக்காவே அறிவித்துவிட்டது. தன் நாட்டிலேயே செல்லாத காசு கான்டன், ஹாங்காங் பக்கம் தாராளமாக ஓடியது. இங்கே 1903ல் ஸ்ட்ரெயிட்ஸ் டாலர் வரும்வரை வெளிநாட்டு வெள்ளி டாலர்கள்தான் புழக்கம். அவற்றில் மெக்சிகோ டாலருக்கே முதலிடம். மோர்கனும் பீஸும் அப்படி வந்தவை அல்ல, பெரும்பாலும் பின்னாளில் யாராவது வாங்கி வந்தவை.

சாப் என்பது காசு நல்ல வெள்ளிதான் என்று சீன வணிகரோ, காசைச் சோதித்து மாற்றும் சராப்போ குத்திய அடையாளம். முன்பெல்லாம் சேகரிப்பாளர்கள் இதைச் சேதம் என்று ஒதுக்குவார்கள். இப்போது சாப் குத்திய டிரேட் டாலரையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிசிஜிஎஸ் என்ற அமெரிக்கக் கிரேடிங் நிறுவனம் அதற்குத் தனிப் பிரிவு வைத்து, எண் போட்டே தரம் தருகிறது. ஆனாலும் 1877 எஸ் 95 லட்சத்துக்கு மேல் அடித்த தேதி. சாப் இருப்பதால் அது அரிதாகிவிடாது. 1878 சிசியில் சாப் இருந்தால் அது வேறு விஷயம். அந்தத் தேதியில் அடித்ததே 97,000, அதிலும் 44,148 காசுகள் வெளியே போகாமல் உருக்கப்பட்டன. அதில் சீனா போய்க் குத்து வாங்கியது மிக மிகச் சில.

உங்கள் காசில் பார்க்க வேண்டியவை. கழுகின் நகத்துக்குக் கீழே, ஆலிவ் கிளையில் சின்ன உருண்டையாக ஒரு காய் இருக்கிறதா? 1873, 1874 காசுகளில் அந்தக் காய் இருக்க வேண்டும். 1877, 1878ல் இருக்கக் கூடாது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் இரண்டு விதமும் உண்டு. போலி அடிப்பவர்கள் ஒரே கழுகுப் பக்கத்தை எல்லாத் தேதிக்கும் போடுவதால் இங்கேதான் அதிகம் மாட்டுகிறார்கள். 1873க்கு முந்தைய தேதி போட்ட டிரேட் டாலர் என்று ஒன்று கிடையவே கிடையாது. பாசார் காராட்டில் (பழைய பொருள் சந்தையில்) மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்து சாப்பைப் பாருங்கள். இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது வெள்ளி பக்கவாட்டில் பிதுங்கும். அதனால் குத்தின் விளிம்பில் மெல்லிய வரப்பு எழும்பி நிற்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். காசைத் திருப்பி, சரியாக அந்தக் குத்துக்குப் பின்னால் பாருங்கள். கீழே பலகையிலோ கல்லிலோ அழுந்திய இடம் சற்றுத் தட்டையாகி, சுற்றியுள்ள பகுதியைவிட வேறு மாதிரி மினுங்கும். குத்தின் அடிப்பகுதி வழவழப்பாக, அழுக்கேறிக் கறுத்திருக்கும். வார்ப்புப் போலியில் சாப்பும் காசோடு சேர்ந்தே அச்சில் வருகிறது. வரப்பு இருக்காது, எழுத்தின் முனைகள் மழுங்கி இருக்கும், பின்பக்கம் ஒரு தடயமும் இருக்காது. குத்தின் அடியும் காசின் தரையும் ஒரே சொரசொரப்பு. உங்கள் இரண்டாம் காசில் இதை லென்ஸில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். அந்தப் போலிக்கு அந்த ஒரு பயன் உண்டு.


தோட்டத்துத்தம்பி

ரொம்ப நன்றி. தண்ணி எடை போட்டுட்டேன். 1ஆம் நம்பர் 2.62, அடர்த்தி 10.32. 2ஆம் நம்பர் 2.64, அடர்த்தி 8.89, சொன்ன மாதிரியே செம்பு-நிக்கல். 3ஆம் நம்பர் 2.57, 5ஆம் நம்பர் 2.57, 6ஆம் நம்பர் 2.58. மூணும் 10.3 பக்கம்தான் வருது.

1877ல நகத்துக்குக் கீழே காய் இல்லை. ஐந்து சாப்ல நாலுக்குப் பின்னால தட்டை தெரியுது, ஒன்னு ஓரத்துல இருக்கிறதால சரியாத் தெரியல. 2ஆம் நம்பர்ல வரப்பே இல்லை.

இப்போ 1893 எஸ். வெள்ளின்னு ஆயிடுச்சு. இனி எங்கே பார்க்கணும்? பத்து மடங்கு லென்ஸ் இருக்கு.


ஈப்போ_வெள்ளி

1893ல சான் பிரான்சிஸ்கோவுல அடிச்சது 1,00,000 மட்டும். புழக்கத்துக்கு அடிச்ச மோர்கன்ல இதைவிடக் குறைஞ்ச எண்ணிக்கை கிடையாது. அதனாலயே உலகத்துல அதிகமா திருத்தப்படுற மோர்கனும் இதுதான். இரண்டு வழியில செய்வாங்க. எழுத்தில்லாத 1893 பிலடெல்பியா காசுக்கு எஸ் ஒட்டுவாங்க. இல்லேன்னா 1898 எஸ் காசுல கடைசி 8ஐச் செதுக்கி 3 ஆக்குவாங்க. இரண்டுமே அமெரிக்காவுல அடிச்ச அசல் வெள்ளிக் காசு. எடை, அடர்த்தி, விளிம்பு வரி எல்லாம் பாஸ் ஆயிடும்.

நமக்கு ஒரு வசதி, அந்த ஒரு லட்சத்துக்கும் தலைப்பக்கத்துக்கு ஒரே ஒரு அச்சுதான் பயன்பட்டுச்சு. அந்த அச்சுல இருந்த குறை எல்லா அசல் காசுலயும் இருக்கணும். தலைப்பட்டையில லிபர்ட்டின்னு எழுதியிருக்கும். அதுல டி (T) எழுத்தோட மேல் பகுதிக்குள்ள சாய்வா ஒரு சின்ன மேடான கோடு இருக்கும். அந்த எழுத்துகள் பட்டைக்குள்ள பள்ளமாப் பதிஞ்சவை, கோடு பள்ளத்துக்குள்ள இருக்கு. அதனால காசு நல்லாத் தேய்ஞ்ச பிறகும் அது தப்பிச்சுக் கிடக்கும். லிபர்ட்டி படிக்க முடியற அளவுக்கு இருந்தா கோட்டையும் தேடலாம். விளக்கை ஒரு பக்கமா தாழ்வா வச்சு, காசை மெதுவா சுத்திப் பாருங்க. நேர் வெளிச்சத்துல தெரியாது. தேதியும் நேர்கோட்டுல இருக்காது, வலது பக்கம் லேசா மேல ஏறும்.

பின்னாடி எஸ் எழுத்து, மாலையோட முடிச்சுக்குக் கீழே, டாலர்ங்கிற சொல்லுக்கு மேல இருக்கு. அசல்ல எழுத்து தரையிலிருந்தே முளைச்ச மாதிரி இருக்கும், அடியில சின்ன வளைவோட தரையில கலக்கும். ஒட்டினதுன்னா எழுத்தைச் சுத்தி மயிர்க்கோடு மாதிரி இடைவெளியோ, வேற நிறமோ, சுரண்டி மழுப்பின தடமோ தெரியும். ஊசியால குத்திப் பார்க்காதீங்க. அசலா இருந்துட்டா அந்த ஒரு கீறலுக்குப் பெரிய விலை கொடுக்கணும்.


பத்தர்வீட்டுப்பிள்ளை (தெலுக் இந்தான்)

விபூதி பேச்சு வந்ததால எழுதுறேன். குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, கொலுசு எல்லாத்தையும் தாராளமாத் தேய்ங்க. காசைத் தேய்க்கவே கூடாது. விபூதி நைசா இருந்தாலும் அது உப்புத்தாள் செய்யற வேலையைத்தான் செய்யும். அச்சடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கமா ஓடுறதுல மேல்பரப்புல ரொம்ப நுண்ணிய வரிகள் விழும். காசைச் சாய்ச்சா ஒளி சக்கரம் மாதிரி சுத்துறது அதனாலதான். ஒரு தடவை தேய்ச்சா அந்த வரி போச்சு, அதுக்குப் பதிலா ஒரே திசையில மயிர்க்கீறல் வந்திடும். கிரேடிங்ல எண் தரமாட்டாங்க, சுத்தம் செய்யப்பட்டதுன்னு எழுதிடுவாங்க. புளி, எலுமிச்சை, பல்பசை, அலுமினியத் தாளும் சோடாவும் எல்லாம் அதே கதிதான். கடையில விற்கிற வெள்ளி டிப் இன்னும் மோசம், கறுப்போட சேர்த்து மேல்தோலையும் அரிச்சிடும்.

6ஆம் நம்பர்ல ஓரத்து நீலமும் கறுப்பும் தானா ஏறினது. அதை விரும்பி வாங்குறவங்க இருக்காங்க, விட்டுடுங்க. பச்சையா பிசுபிசுன்னு ஏதாவது ஒட்டியிருந்தா அது பழைய பிவிசி உறையிலிருந்து வந்தது. அதை விட்டு வைக்கக்கூடாது, உலோகத்தைத் தின்னும். ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற சுத்த அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி, காசைப் போட்டு, சில நிமிஷம் கழிச்சு எடுத்து, புது அசிட்டோன்ல இன்னொரு முறை முக்கி, தானா உலர விடுங்க. துணியால ஒத்தக்கூட வேணாம். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேணாம், அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க, சாமி விளக்கு எரியற பக்கம் போகவே போகாதீங்க, சட்டுன்னு தீப்பிடிக்கும்.

4ஆம் நம்பர் வளையத்தைக் கழட்டலாமான்னு அடுத்து கேட்பீங்க. கழட்டாதீங்க. பொடி வச்சு ஊதிப் பற்றவைச்ச இடத்துல சூடு பட்டு வெள்ளி நிறமே மாறியிருக்கும். வளையத்தை எடுத்தா ஓரத்துல தழும்பு நிக்கும், அரம் போட்டா விளிம்பு வரி போகும். 1881 எஸ் ஒரு கோடியே 27 லட்சம் அடிச்ச தேதி, சான் பிரான்சிஸ்கோ காசுல அச்சு நல்லா விழுந்த வருஷம்னு பேரு. அதனால பழுதில்லாததே தாராளமா கிடைக்குது. பழுதானதைச் சரி பண்ணி ஒரு லாபமும் இல்லை. பெண் பிள்ளைகள் யாராவது பதக்கமாப் போட்டுக்கட்டும்.

இன்னொன்னு. பத்தர் கடையில காட்டினா பழக்கத்துல உரைகல்லை எடுப்பாங்க. விளிம்புல ஒரு உரசு, கல்லு மேல ஒரு சொட்டு அமிலம். நகைக்குச் சரி. காசுக்கு அந்த உரசல் நிரந்தரக் காயம். எக்ஸ்ரே மிஷின் இருக்கிற கடையாப் பார்த்துக் கொடுங்க, அது தொடாமலே சொல்லிடும். ஆனா அது மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும், தடிமனா வெள்ளி முலாம் போட்டிருந்தா ஏமாறும். தண்ணி எடையும் சேர்ந்து ஒத்துப்போகணும்.

வைக்கிறதுக்கு 38 மி.மீ. காசுக்கான கடின பிளாஸ்டிக் குப்பி, இல்லேன்னா மைலார் உறை. மெத்து மெத்துன்னு வளையற, பிளாஸ்டிக் வாடை அடிக்கிற உறை பிவிசி. நம்ம ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைங்க, மாசம் ஒரு முறை மாத்துங்க. ரப்பர் வளையம் போட்டுக் கட்டவே கட்டாதீங்க. பதப்படுத்தின ரப்பர்ல கந்தகம் இருக்கு, வளையம் தொட்ட இடம் கறுப்புக் கோடாப் பதிஞ்சிடும். பால் மரத்துக்கு நடுவுல இருக்கிற ஊர்ல ரப்பர் வேணாம்னு சொல்றது ஒரு மாதிரிதான் இருக்கு.


தோட்டத்துத்தம்பி

1893 பார்த்தாச்சு. லிபர்ட்டி ஏழு எழுத்தும் தெரியுது. டி எழுத்துக்குள்ள கோடு இல்லை, விளக்கை நாலு பக்கமும் வச்சுப் பார்த்துட்டேன். எஸ் எழுத்தோட வலது அடியில மெல்லிசா ஒரு கோடு, அதுக்குள்ள பழுப்பா ஏதோ இருக்கு. எழுத்தைச் சுத்தி ஒரு சின்ன வட்டம் மட்டும் மத்த இடத்தைவிட வழவழப்பா இருக்கு.


ஈப்போ_வெள்ளி

அப்போ ஒட்டின எஸ்தான். சுத்தி வழவழன்னு இருக்கிறது ஒட்டின பிறகு மழுப்பின இடம். எழுத்தில்லாத 1893ம் சுமாரான நல்ல தேதிதான், 3,78,000 அடிச்சது. சும்மா விட்டிருந்தா அதுக்கே வெள்ளி விலைக்கு மேல நல்லாக் கிடைச்சிருக்கும். திருத்தினதால அதுவும் போச்சு. பங்குக் கணக்குல 24 கிராம் வெள்ளின்னு போடுங்க. விற்கும்போது எஸ் ஒட்டினதுன்னு வாய் திறந்து சொல்லிடுங்க.


கிள்ளான்_தராசு

விற்கிற விஷயத்துக்கு வருவோம். இந்த எட்டுல கிரேடிங்குக்கு அனுப்ப ஒன்னும் இல்லைங்கிறது என் கருத்து. 1877 எஸ்ஸை அனுப்பலாமான்னு யோசிப்பீங்க. கட்டணம், ஏஜென்ட் கூலி, போக வர அஞ்சலும் காப்பீடும் சேர்த்தா ஒரே காசுக்குச் செலவு நூறு ரிங்கிட்டை எளிதாத் தாண்டிடும். ஐந்து சாப் குத்தி, நல்லாப் புழங்கின, சாதாரணத் தேதிக் காசுக்கு அந்தச் செலவு திரும்பி வராது. சேகரிக்கிறவர் கையில நேராக் கொடுத்தா போதும்.

அரிய தேதி கையில வந்தா கதை வேற. 1889 சிசி, 1895 ஓ, 1893 எஸ் மாதிரிக் காசு கிரேடிங் டப்பா இல்லாம இங்கே விலை போகாது, யாரும் நம்பமாட்டாங்க. டப்பாவுல இருக்கிறதை வாங்கறதா இருந்தா, டப்பாவையும் போலியா அடிக்கிறாங்கங்கிறதை மனசுல வைங்க. சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தோட தளத்துல போட்டு, அங்கே இருக்கிற படத்தோட கீறல், கறுப்பு எல்லாம் ஒத்துப்போகுதான்னு பாருங்க. எண் மட்டும் ஒத்துப்போனா பத்தாது, அசல் எண்ணையே திருடிப் போடுவாங்க. படம் இல்லாத எண்ணா இருந்தா விலகிடுங்க.

எழுத்தையும் பார்த்துக்குங்க. கார்சன் சிட்டி, அதாவது சிசி, மோர்கன் அடிச்சது 1878ல இருந்து 1885 வரைக்கும், அப்புறம் 1889ல இருந்து 1893 வரைக்கும். நடுவுல 1886, 1887, 1888 சிசின்னு யாராவது காட்டினா எடை போடக்கூட வேணாம். டென்வர்ல அடிச்ச, டி (D) எழுத்து போட்ட பழைய மோர்கன் 1921 மட்டும்.

1967 அரை டாலரை இங்கே பல கடைக்காரங்க 1964 மாதிரியே எடுப்பாங்க, இல்லேன்னா வெள்ளியே இல்லைன்னு தள்ளுவாங்க. இரண்டும் தப்பு. தனியாச் சொல்லி வில்லுங்க. பேஸ்புக் குழுவுல போடுறதா இருந்தா இரண்டு பக்கமும் விளிம்பும் படம், எடை, அடர்த்தி, குறை எல்லாம் எழுதிப் போடுங்க. அந்த நாலும் எழுதியிருந்தா வாங்குறவர் பேரம் பேசுறது பாதியாக் குறையும். ஈப்போவுலயோ கோலாலம்பூர்லயோ காசு வியாபாரி இரண்டு பேர்கிட்ட விலை கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. எட்டையும் கொண்டு போகாதீங்க. 2ஆம் நம்பரைப் பார்த்தா மத்ததையும் சந்தேகப்படுவாங்க.


பினாங்கு_சாப்

கிரேடிங் பற்றிக் கிள்ளான் அண்ணன் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து குத்தும் தெளிவாகப் படிக்க முடிந்தால், சாப் சேகரிப்பவர்கள் வெள்ளி விலையைவிட நன்றாகவே தருவார்கள். அனுப்ப வேண்டாம், சரி. ஆனால் வெள்ளிக் கடைக்கும் போக வேண்டாம். ஒவ்வொரு சாப்பையும் தனித்தனியாகக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், ஆள் தேடி வரும்.


கம்பார்_காசு

நடுவுல புகுந்து ஒரு கேள்வி. பாசார் காராட்டுல 1804 தேதி போட்ட அமெரிக்க டாலர் 80 ரிங்கிட் சொல்றாங்க. எடை 26.9ன்னு அவரே தராசுல போட்டுக் காட்டினார். வாங்கலாமா?


பினாங்கு_சாப்

1804 தேதியிட்ட டாலர் உலகத்தில் மொத்தமே பதினைந்து, பதினாறு இருப்பதாகத்தான் கணக்கு. அந்த ஆண்டில் அடித்ததும் இல்லை. 1834 வாக்கில்தான், சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் கொடுக்க அமெரிக்கத் தூதர் கொண்டுபோன அன்பளிப்புப் பெட்டிகளுக்காக அடிக்க ஆரம்பித்தார்கள். 2021 ஆகஸ்டில் ஒன்று 76 லட்சத்து 80 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அசல் எடையும் 26.96 கிராம்தான், ஆகவே அவர் தராசு காட்டியதில் வியப்பில்லை. விளிம்பைப் பாருங்கள். அந்தக் காலத்து டாலரில் விளிம்பைச் சுற்றி ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட் என்று எழுத்து ஓடும். சந்தையில் விற்பதில் பெரும்பாலும் வரி வரியாக இருக்கும், அல்லது வெறுமையாக இருக்கும்.


கம்பார்_காசு

வரி வரியாத்தான் இருந்துச்சு. விட்டுட்டேன்.